ஐந்நூற்று ஒன்றாவது பனியன்

1

கனடாவுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அதை ஞாபகப்படுத்த இந்த நாட்டில் ஒரு படிவம் இருக்கிறது. நிரந்தரவாசி அட்டையைப் புதுப்பிக்கும் படிவம். நிரந்தரம் என்றால் இவர்கள் கணக்கில் ஐந்து வருடம். அதற்கு மேல் நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் மறுபடியும் போட்டோ எடுத்து, எந்தெந்த நாள் நாட்டை விட்டு வெளியே போனேன் என்று ஒவ்வொன்றாக எழுதித் தர வேண்டும். போட்டோவில் சிரிக்கக் கூடாது. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அந்தப் படிவத்தில் ஒன்றும் இல்லை.

அதில் தொழில் என்று ஒரு கட்டம். என் மகள் கோகிலா என்னைக் கேட்காமலே 'ஓய்வு பெற்றவர்' என்று தட்டிவிட்டாள்.

"யாரு கண்ணு ஓய்வு? என்னைப் பார்த்தா அப்புடியா இருக்குது?"

"வேற என்னங்ப்பா போடறது?"

"மொதலாளின்னு போடு."

"மெசினெல்லாம் வித்துப்போட்டுத்தானே வந்தீங்க? இப்ப எதுக்குங்ப்பா மொதலாளி?"

"மெசினை வித்தா மொதலாளி இல்லாமப் போயிருவானா?"

அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

என்னைத் தெரியாதவர்கள் திருப்பூரில் குறைவு. இருந்தாலும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் மூலனூர்ப் பக்கம். அப்பா தறி நெய்தவர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பதின்மூன்று வயதில் திருப்பூருக்கு பஸ் ஏறிக் கைமடியாகச் சேர்ந்தேன். தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கிற வேலை அது. நான் கம்பெனியை முடித்துக்கொண்டு கிளம்பியபோது என்னிடம் நூற்று நாற்பது மெசின். ஆறு நாட்டுக்குச் சரக்கு. கையெழுத்து மட்டும் இன்னும் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்கிறது. இதை அச்சுக் கோர்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

போனில் பேசுகிற ஒவ்வொருவரும் ஒன்றையே கேட்கிறீர்கள். "உங்க பொண்ணு ஸ்டார்ட்அப் வெச்சிருக்குதாமுங்களே, அதுக்கும் நம்ம கம்பெனிக்கும் என்னங்க வித்தியாசம்?" தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நம் சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை திருப்பூரிலிருந்து ஒரு பெட்டி வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் என் மகளின் கம்பெனி இருக்குமா மூடுமா என்பது. அதுவரை எனக்கும் தூக்கம் வரப் போவதில்லை.

2

முதலில் ஆபீஸ். நாங்கள் இருக்கிற கிச்சனர் என்ற ஊரில் ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைய இருந்தனவாம். அப்படி மூடிப்போன ஒன்றில் மெசினையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டு, ஸ்டார்ட்அப்காரர்களைக் குடிவைத்திருக்கிறார்கள். பூசாத சுவருக்கு வாடகை அதிகம். நானும் பூசாத சுவருக்குள்தான் தொழிலை ஆரம்பித்தேன். சரக்கு வாங்குகிற பார்ட்டி வந்தால் பார்க்கக் கூடாதென்று வரிசையாகக் காலண்டர் மாட்டி மறைத்தேன். முப்பது வருடம் முந்திப் பிறந்துவிட்டேன் போலிருக்கிறது.

வாசலில் ஒரு பழைய தையல் மெசின் நிற்கிறது. அதன் தலைமேல் பூச்செடி. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. "அப்பா, அது அழகுக்கு வெச்சதுங்ப்பா, கையை எடுங்க" என்றாள் கோகிலா.

நம் ஊரில் முதலில் ஒரு மெசின் வாங்குவோம். பிறகு ஆர்டர். பிறகு ஆள். கடைசியில்தான் போர்டு. என் கம்பெனிக்கு நான்காவது வருடம்தான் போர்டு வைத்தேன். அதுவும் கூரியர்காரர் தெருத்தெருவாக அலைந்து திட்டியதால். இவர்கள் முதலில் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன கலர் என்று பத்து நாள் பேசுகிறார்கள். அப்புறம் அந்தப் பெயரை அச்சடித்த சட்டையை ஆளுக்கொன்று போட்டுக்கொள்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு வட்டமாக உட்கார்ந்து, 'சரி, நாம் என்ன விற்கலாம்?' என்று யோசிக்கிறார்கள்.

அப்படி யோசித்து இவர்கள் கண்டுபிடித்தது பனியன். டீ-சர்ட் என்று சொன்னால் பனியன் இல்லாமல் போய்விடுமா? சென்னிமலை முருகன் சாட்சியாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனியன் கம்பெனி வாசமே வேண்டாமென்று ஊட்டி ஹாஸ்டலில் படித்து, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, ரெண்டு விமானம் மாறி இங்கே வந்து, கடைசியில் அவள் விற்பது பனியன்.

ஆனால் அதில் ஒரு வித்தை வைத்திருக்கிறாள். ஒரு டிசைன் என்றால் உலகத்திலேயே ஐந்நூறு பீஸ்தான். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு நம்பர். ஐந்நூறு விற்றுவிட்டால் அந்த டிசைனை இனி யாரும் எந்தக் காலத்திலும் தைக்க மாட்டார்கள். வாங்குகிறவர்களை வாடிக்கையாளர் என்று சொல்லக் கூடாது, கம்யூனிட்டி. 'என்னுடையது நூற்றுப் பதினாறு' என்று போட்டோ போட்டுப் பெருமைப்படுவார்கள். நம் ஊரில் ஐந்நூறு பீஸ் ஆர்டர் என்று ஒருவர் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களே என்போம்.

கோகிலாவின் தொழில் கூட்டாளி மேகன் என்ற வெள்ளைக்காரப் பெண். நல்ல பிள்ளை. பார்த்த ஐந்தாவது நிமிடம், தன் முதல் கம்பெனி மூடிப்போனதை எனக்குச் சொன்னாள். துக்கமாக இல்லை, பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறது என்று சொல்கிற மாதிரி. நம் ஊரில் கம்பெனி மூடினவன் கல்யாண வீட்டுக்குப் போனால் முகூர்த்தம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போவான். இங்கே அவனை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்து, எப்படி மூடினாய் என்று கேட்டுக் கைதட்டுகிறார்கள்.

உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று மேகன் கேட்டாள். "ஹண்ட்ரட் ஃபார்ட்டி மெசின்" என்றேன். மெசின் இல்லை, ஆட்கள் என்றாள்.  நாம் எப்போது ஆளை எண்ணினோம்? அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

காலையில் எல்லோரும் நின்றுகொண்டு கூட்டம் போடுகிறார்கள். என் கம்பெனியில் காலையில் ஒருவன் நின்றுகொண்டிருந்தால் அவன் லேட்டாக வந்தவன். இவர்களுக்குப் பணம் போடுகிறவன் கிரெக். பனிக்காலத்திலும் அரைக்கால் சட்டை போட்டு வருவான். துணி எந்த நூல், எத்தனை கனம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "உங்கள் கதை என்ன?" என்றுதான் கேட்பான். போன வருடம் கம்பெனிக்கு இரண்டாவது பிறந்த நாள் வந்தது. லாபம் என்று ஒரு காசு வந்திருக்கவில்லை. பெரிய கேக்காக வெட்டினார்கள்.

3

இப்போது ஊர்ப்பக்கம் போக வேண்டும். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

நான் சொந்தமாக எடுத்த முதல் ஆர்டர், குழந்தைகள் பனியன் ஆயிரம் பீஸ். புதுசு அல்லவா, ஆயிரம் கேட்டார்கள், ஆயிரம் வெட்டினேன். செக்கிங்கில் பார்த்தால் ஒன்றில் ஊசி ஓட்டை, ஒன்றில் எண்ணெய்க் கறை, ஒன்றில் சாயத் திட்டு. பன்னிரண்டு பீஸ் போய்விட்டது. மீதியைக் கட்டி அனுப்பினேன். ஆர்டரை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் என்னை வரச்சொல்லி, ஆபீஸ் வாசலில் காலை பத்து மணியிலிருந்து மதியச் சாப்பாடு தாண்டும்வரை நிறுத்தி வைத்தார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் வெளியே வந்து, "ஆயிரம் கேட்டா ஆயிரம் குடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா கம்பெனி?" என்றார். என்னைவிட வயதில் சின்னவர்.

அன்று என்னோடு நின்றவன் ஆரோக்கியராசு. குண்டடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என் கம்பெனியின் முதல் டெய்லர். சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனவன் திரும்பிப் போகவில்லை.

"நீ போ ராசு. மெசின் சும்மா கெடக்குது."

"இருக்கட்டுமுங்ண்ணா, நானும் நிக்கறனுங். ஒருத்தரா நின்னாத்தான் நிக்க வெச்சிருக்கறாப்பல இருக்கும். ரெண்டு பேரா நின்னா ஏதோ வேலையா நிக்கறாப்பல இருக்குமுங்."

அதற்குப் பிறகு நான் ஆயிரம் கேட்டால் ஆயிரத்து எழுபது வெட்டினேன். திருப்பூரே அப்படித்தான் வெட்டுகிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'எச்சா வெட்டு' என்று சொல்லாத கட்டிங் மாஸ்டர் உண்டா? சரக்குப் போன பிறகு மிஞ்சுகிற பீஸ்களின் கழுத்து லேபிளைக் கத்தரித்துவிட்டு மொத்தமாகச் சந்தைக்குத் தள்ளிவிடுவோம். பார்ட்டியின் பெயர் தெருவுக்குப் போகக் கூடாது. அது நம் மரியாதை. முப்பது வருடத்தில் என் கம்பெனியிலிருந்து மறுபடி ஒரு பீஸ் குறைந்து போனதில்லை.

மனைவி போன பிறகு, ஒரே பெண் கூப்பிட்டாள் என்று நான் கிளம்பினேன். அப்போது ராசு என் மெசின்களில் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு சொந்தமாக ஒரு தையல் யூனிட் போட்டான்.

4

போன குளிர்காலத்தில் ஒரு நாள் கோகிலா சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டே நறுக்குவதை நிறுத்திவிட்டாள். இவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வேறு நாட்டுக்காரன் கையை விரித்துவிட்டானாம். அடுத்த டிசைன் ஆறு வாரத்தில் விற்பனைக்கு வர வேண்டும். வராவிட்டால் கிரெக் இனிப் பணம் போட மாட்டான். போடாவிட்டால் கம்பெனி மூடல். நான்கு பேருக்கு வேலை போகும்.

"அப்பா, ஆறு வாரத்துல ஐநூறு பீசு முடியுமாங்ப்பா?"

ஐந்து வருடத்தில் தொழில் விஷயமாக அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பஸ் எந்த நம்பர், மாத்திரை போட்டீங்களா என்பதெல்லாம் கணக்கில் வராது.  டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கொஞ்சம் அனுபவிக்க வேண்டாமா?

"ஐநூறா? அது மத்தியானச் சோத்துக்கு முன்னால முடியற வேலை கண்ணு."

ராசுவை வீடியோவில் கூப்பிட்டோம். அவனுக்குப் பின்னால் என் மெசின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, சௌக்கியமுங்களா? அம்மணி, எப்புடி இருக்கறீங்? அங்க பனி கொட்டுதாமுங்களே?"

"கொட்டுது. அத உடு. வேலை ஒண்ணு இருக்குது."

கோகிலா இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தாள். ராசு அச்செடுத்து வைத்திருந்த அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான். "அம்மணி, இத்தனையும் படிச்சு முடிக்கறதுக்குள்ள தெச்சே முடிச்சுருவனுங். அளவு சொல்லுங், கலரு சொல்லுங், போதும்."

"ராசு மாமா, ஒண்ணே ஒண்ணு மட்டும். சரியா ஐநூறு. ஒரு பீசு கூட எச்சா வேண்டாம்."

ராசு, குழம்புக்கு உப்பு வேண்டாம் என்று சொன்ன மாதிரி பார்த்தான்.

"எச்சா... வேண்டாங்களா?"

"வேண்டாம் மாமா. ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா அந்த நம்பரையே மறுக்கா தெச்சுக் குடுங்க. கெட்டதக் கத்திரிச்சுப் போட்டுருங்க. ஐநூறுக்கு மேல இருக்கவே கூடாது."

"சரீங் அம்மணி."

மறுநாள் காலை அவள் ஆபீஸ் போனதும் நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ராசுவுக்கு போன் செய்தேன்.

"ராசு, அது கெடக்குது. நீ வழக்கம்போலப் போடு."

"அம்மணி வேண்டாம்னுச்சுங்களே அண்ணா?"

"அதுக்கென்ன தெரியும்? கம்ப்யூட்டர்ல துணி வெட்டற புள்ளைங்க. நாளைக்கு ரெண்டு பீசு குறைஞ்சு போச்சுன்னா அதுக்கு என்ன, என்ற மானமல்ல போகும்?"

"அதுஞ் செரிதானுங்." கொஞ்சம் யோசித்தான். "அப்ப எச்சுப் பீசுக்கு நம்பரு என்னங்ண்ணா போடறது?"

"ஐநூத்தி ஒண்ணுல இருந்து போடு. இதையெல்லாமா கேட்டுட்டு இருப்பே?"

உடனுக்குடன் முடிவெடுப்பதில் எனக்கு அந்தக் காலத்திலேயே நல்ல பெயர்.

5

ஆறு வாரம் என்றது நான்கு வாரத்தில் வந்து இறங்கியது. ஐந்நூறும் முத்து முத்தாக இருந்தன. விற்பனைக்குத் திறந்த அன்று மதியமே தீர்ந்துவிட்டது. கிரெக் வந்து முதல்முறையாகத் துணியைத் தொட்டுப் பார்த்தான். மேகன் கட்டிப்பிடித்தாள். எனக்கு 'தலைமை ஆலோசகர்' என்று ஒரு பெட்டி கார்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கார்டின் போட்டோ உங்களில் பெரும்பாலானோருக்கு வந்திருக்கும். ரெண்டு தடவை வந்தவர்கள் மன்னிக்கவும்.

அந்தச் சந்தோஷம் பதினைந்து நாள் இருந்தது.

எண்பத்தெட்டாம் நம்பர் சட்டையை வாங்கியவன் வான்கூவரில் இருக்கிற ஒரு கோயமுத்தூர்ப் பையன். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். அந்த அம்மா திருப்பூருக்கு ஒரு விசேஷத்துக்கு வந்தவர், ரோட்டோரக் குவியலில் அதே படம் போட்ட சட்டையைப் பார்த்து, வீட்டுக்காரருக்கு ஒன்று எடுத்திருக்கிறார். 'உன்ற சட்டை இங்க நூறு ரூபாய்தான் சாமி, ஏமாந்துட்டியே' என்று மகனுக்குச் செய்தி. அவன், உள்பக்கம் விலாத் தையலில் நம்பர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றிருக்கிறான். இருந்தது. ஐந்நூற்றுப் பதினேழு.

அவன் அதை எல்லோரும் பார்க்கும்படி போட்டான். 'ஐந்நூறில் இது ஐந்நூற்றுப் பதினேழாவது. வாழ்த்துகள்.'

ராசுவின் ஆட்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மிஞ்சிய முப்பத்தைந்து பீஸிலும் கழுத்து லேபிளைச் சுத்தமாகக் கத்தரித்துவிட்டுத்தான் சந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். விலாவில் நம்பர் வைக்கிற பார்ட்டியை நம் ஊர் இதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் நம் மரியாதை கழுத்தோடு நின்றுவிட்டது.

கம்யூனிட்டி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொந்தக்காரர்கள் மாதிரி. சிரிக்கும்போதும் மொத்தமாக வருவார்கள், திட்டும்போதும் மொத்தமாக வருவார்கள். சட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. மேகன் எனக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்தினாள்.

கோகிலா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தைதானுங்ப்பா நான் அத்தனை பேருக்கும் குடுத்தேன். ஐநூறுன்னு. உங்களுக்குக் கட்டடம் இருந்துது, மெசின் இருந்துது, ஆளுங்க இருந்தாங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். என்ற கம்பெனில வேற ஒண்ணுமே இல்லீங்ப்பா. அந்த நம்பரு மட்டுந்தான்."

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"ராசு மாமாகிட்ட நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"நானா? நான் எதுக்குச் சொல்றேன்?"

எத்தனை பார்ட்டியிடம் 'சரக்கு கப்பல் ஏறிருச்சுங்க' என்று சொல்லியிருப்பேன், தையலே முடியாதபோது. அந்த வாய். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

6

அவள் ராசுவை வீடியோவில் கூப்பிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"மாமா, எச்சா வெட்டுனீங்களா?"

ராசு திரையில் என்னை ஒருமுறை பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு அவளைப் பார்த்துப் பேசினான்.

"தப்பு என்றதுதானுங் அம்மணி. பழக்கதோசத்துல வெட்டிப்போட்டனுங். அண்ணன் ஒண்ணுஞ் சொல்லலீங்."

"அத்தனை தடவை சொன்னனே மாமா?"

"ஆமாங். புத்தி அங்க நிக்கலீங். மன்னிச்சுருங்."

அவள் போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். இவர்கள் தப்பு நடந்தால் மூடி வைக்க மாட்டார்கள். என்ன நடந்தது, யாரால் நடந்தது, இனி என்ன செய்வோம் என்று ஊருக்கே எழுதிப் போடுவார்கள். நானும் அதைக் கேலி செய்திருக்கிறேன். யூனிட்டின் பெயர், ஊர், நடத்துகிறவர் பெயர், இனி இவர்களோடு வேலை செய்ய மாட்டோம் என்று எழுதிக்கொண்டே போனாள். இந்த ஐந்நூறைப் பார்த்துவிட்டுத்தான் டொராண்டோவில் ஒரு கம்பெனி ராசுவிடம் விலை கேட்டிருந்தது. அவன் பெயருக்கே நேராக வந்த முதல் விசாரணை. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பார்கள். ஆரோக்கியராசு என்ற பெயர் ஒவ்வொரு எழுத்தாக அந்தத் திரையில் வந்ததை நான் படித்தேன்.

"கண்ணு, அந்தப் பேரை எடு."

"ஏனுங்ப்பா?"

"நாந்தான் போடச் சொன்னேன்."

விரல் அப்படியே நின்றது. "எச்சா வெட்டச் சொன்னதா?"

"ஆமா."

"ஐநூத்தி ஒண்ணுன்னு நம்பரு போடச் சொன்னது?"

"அதுவும் நாந்தான்."

அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. தலையைத் தூக்கியபோதும் தெரியவில்லை.

"இதக் கேமரா முன்னால சொல்லுவீங்களா?"

மறுநாள் என்னை அந்தப் பூசாத சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேகன் போனைப் பிடித்துக்கொண்டாள். தமிழில் பேசுங்கள், கீழே இங்கிலீஷ் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். தோற்றதைச் சொல்ல மேடை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று நான் சிரித்தேன் அல்லவா? ஏறிப் பார்த்தால்தான் தெரிகிறது, அது பொய் சொல்வதைவிடக் கஷ்டமான வேலை.

"எங்க ஊர்ல ஐநூறு கேட்டா ஐநூறு வெட்ட மாட்டோமுங்க. குறைஞ்சு போயிருமோன்னு பயத்துல எச்சாத்தான் வெட்டுவோம். என்ற பொண்ணு வேண்டாம்னு சொல்லுச்சு. தெச்சவரும் வேண்டாம்னாரு. நாந்தான், எனக்குத் தெரியாததா இதுகளுக்குத் தெரியும்னு போடச் சொன்னேன். தப்பு என்றது. வேற யாரு மேலயும் இல்லீங்க." அவ்வளவுதான் பேசினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏஜென்ட் வாசலில் அரை நாள் நின்ற கஷ்டம் இதற்குப் பாதி.

அன்று சாயந்திரம், அவனுக்கு விடியக்காலை, ராசு கூப்பிட்டான்.

"எதுக்குங்ண்ணா சொன்னீங்? நான் ஒருத்தன் நின்னாப் போதாதுங்களா?"

"ரெண்டு பேரா நின்னா ஏதோ வேலையா நிக்கறாப்பல இருக்கும் ராசு."

 "மெசினு கெடக்குதுங்ண்ணா, வெக்கறனுங்" என்றான்.

கொஞ்சம் பேர் சட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்சம் பேர் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். கிரெக் வந்தான். கதை நன்றாக இருக்கிறது என்றான். அவனுக்கு எல்லாமே கதைதான். ஆனால் அடுத்த ஐந்நூறு வரும்போது தானே வந்து எண்ணுவேன், குறைந்தால் பரவாயில்லை, ஒன்று கூடுதலாக இருந்தாலும் அத்தோடு சரி என்றான். என் தலைமை ஆலோசகர் கார்டுகள் பெட்டியோடு இழுப்பறைக்குப் போய்விட்டன.

அடுத்த லாட்டுக்கு ராசுவோடு என்னைத்தான் பேசச் சொன்னாள் கோகிலா. அவள் முன்னாலேயே, ஸ்பீக்கரில்.

"ராசு, ஐநூறு துண்டுதான் வெட்டணும். மாத்துத் துணி கிடையாது."

"கெட்டுப்போச்சுன்னாங்ண்ணா?"

"கத்திரிச்சுப்போட்டுப் போட்டோ அனுப்பு."

"அப்ப... குறைஞ்சு போயிருமேங்?"

 கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சா... குறையட்டும்."

7

இன்று வெள்ளிக்கிழமை. பெட்டி நேற்று காலை ஒன்பது மணிக்கு வந்தது. கிரெக் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தான். கோகிலாவும் மேகனும் நின்றுகொண்டு கூட்டம் போட்டார்கள். நான் பின் அறையில் உட்கார்ந்து எண்ணினேன். அந்த ஆபீஸில் கையால் செய்கிற ஒரே வேலை அதுதான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நானூற்றுத் தொண்ணூற்றேழு.

மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவையும் எண்ணினேன். மூன்று நம்பர் இல்லை. அந்த மூன்றையும் கத்தரித்துப் போட்ட போட்டோவை ராசு முன்னாலேயே அனுப்பியிருந்தான். எல்லாம் தெரியும். தெரிந்தும் நான்காம் தடவை எண்ணினேன். என் கை பட்ட ஒரு சரக்கு முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு குறைந்து வந்திருக்கிறது.

பெட்டியின் அடியில் நியூஸ்பேப்பரில் சுற்றி இன்னொன்று இருந்தது. பிரித்தேன். போன தடவை டிசைன். கழுத்து லேபிள் இல்லை. விலாவில் பார்த்தேன். ஐந்நூற்று ஒன்று. கூட ஒரு துண்டுச் சீட்டு. 'அண்ணனுக்கு. உங்க அளவுல தெச்ச மொத எச்சுப் பீசு. சந்தைக்குப் போறதுக்கு முந்தி எடுத்து வெச்சேன்.'

மணி பத்தேமுக்கால். இந்த ஆளை என்ன செய்வது? ஒன்று கூடினாலும் கம்பெனி போச்சு என்று சொல்லியிருக்கிறது. அதே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான். பழக்கதோசத்தில்தான் நானும் செய்தேன்: சட்டையைச் சுருட்டிக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

கோகிலா உள்ளே வந்தாள். "எத்தனைங்ப்பா?"

"நானூத்தித் தொண்ணூத்தேழு."

அவள் தோள் அப்படியே இறங்கியது. சரக்குக் குறைந்து வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட முதலாளியை நான் திருப்பூரில் பார்த்ததில்லை. கதவுவரை போனவள் திரும்பினாள்.

"வேற ஒண்ணும் இல்லையேங்ப்பா?"

'இல்லை' என்பது நாக்கு நுனிவரை வந்தது. நான் கோட்டின் பட்டனைக் கழற்றினேன்.

சட்டையை வாங்கிச் சீட்டைப் படித்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். விலாவைப் புரட்டி நம்பரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். இடது கைக் கட்டைவிரலால் தையலை இழுத்துப் பிடித்து, கத்தரி நுனியை நம்பர் லேபிளுக்கு அடியில் விட்டு, சட்டைத் தையலில் ஒரு இழைகூட அறாமல் ஒரே வெட்டு. நம் செக்கிங் பெண்கள் செய்கிற அதே வெட்டு. ஊட்டியிலிருந்து லீவுக்கு வரும்போது அவர்களோடு போய் உட்கார்ந்துகொள்வாள். நான் மெசின்களை எண்ணிக்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டேன்.

"இந்தாங்ப்பா, போட்டுக்குங்க. இப்ப இது வெறும் பனியன்."

போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

கிரெக் பதினோரு மணிக்கு வந்து ஒவ்வொன்றாக எண்ணினான். நானூற்றுத் தொண்ணூற்றேழு. என்னோடு கை குலுக்கினான். நான் போட்டிருந்ததை அவன் எண்ணவில்லை.